மிஞ்சிய பீட்சாவைச் சூடாக்குவது எப்படி: ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கான கேள்வி பதில்

ராமநாதபுரம் டவுனில் வாங்கிய பீட்சா கீழக்கரைக்கோ மண்டபத்துக்கோ ராமேசுவரத்துக்கோ வந்து சேர்வதற்குள் பாதி ஆறிவிடுகிறது. எட்டுத் துண்டில் மூன்று மிஞ்சினால் ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. மறுநாள் எடுத்துப் பார்த்தால் வறட்டி மாதிரி விறைத்துக் கிடக்கிறது. அதை மறுபடி நல்ல பதத்துக்குக் கொண்டுவருவது பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் பீட்சா சுடும் அவன் (oven) அடுப்பு கிடையாது, தோசைக்கல் இல்லாத வீடும் கிடையாது. அதனால் கல்லிலிருந்தே தொடங்குகிறோம்.

எது நல்ல வழி? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒன்றிரண்டு துண்டு என்றால் தோசைக்கல், சிறுதீ, குழிவான மூடி. நாலைந்து துண்டு என்றால் ஓடிஜி (OTG எனப்படும் சின்ன மின்சார அவன்). அவசரம் என்றால் மைக்ரோவேவில் அரை நிமிடம் வைத்து, உடனே சூடான கல்லுக்கு மாற்றுவது. மைக்ரோவேவ் மட்டும் என்பது கடைசி வழி.

காரணம் எளிது. பீட்சாவின் அடிக்கு வேண்டியது உலர்ந்த சூடு. மேலே இருக்கும் சீஸுக்கு வேண்டியது கொஞ்சம் ஈரமான, மென்மையான சூடு. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கிற சாமான் எதுவோ அதுவே நல்ல சாமான். மூடி போட்ட தோசைக்கல் அதைச் செய்கிறது.

தோசைக்கல்லில் எப்படிச் சூடாக்குவது? படிப்படியாக வேண்டும்.

கல்லை அடுப்பில் வைத்து நடுத்தரத் தீயில் 2 நிமிடம் காயவிடுங்கள். பிறகு தீயைச் சிம்மில் வைத்து இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். இந்த ஒரு நிமிடத்தில்தான் கல்லின் சூடு எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த துண்டை அப்படியே கல்லில் வையுங்கள். தடிமனான பான் பீட்சாவின் அடியில் ஏற்கெனவே எண்ணெய் உண்டு, வேறு ஊற்ற வேண்டாம். மெல்லிய ரொட்டி என்றால் 3, 4 சொட்டு எண்ணெயைக் கல்லில் துணியால் தேய்த்துவிட்டு வையுங்கள். மூடாமல் 2 நிமிடம். அடியில் ஏறியிருக்கும் ஈரம் இந்த நேரத்தில் வெளியேற வேண்டும்.

அடுத்து அரை டீஸ்பூன் தண்ணீரைக் கல்லின் ஓரத்தில், துண்டிலிருந்து நாலு விரல் தள்ளி விடுங்கள். ‘சொய்ங்’ என்று ஆவி கிளம்பும். அந்த நொடியிலேயே மூடியைக் கவிழ்த்துவிடுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடத்தில் சீஸ் பளபளத்து, ஓரங்களில் மெதுவாக அசையத் தொடங்கும். மூடியை எடுத்துவிட்டு இன்னும் அரை நிமிடம் வையுங்கள். மூடியிருந்தபோது அடியில் ஏறிய ஈரம் அதில் போய்விடும். மொத்தம் 4 நிமிடம். தடிமனான துண்டுக்கு 6 நிமிடம் ஆகும். அதற்காகத் தீயைக் கூட்டாதீர்கள், மூடாமல் வைக்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

எடுத்ததும் எவர்சில்வர் தட்டில் தட்டையாகப் போடாதீர்கள். சூடான ரொட்டி குளிர்ந்த தட்டில் பட்டதும் அடியில் வேர்த்துவிடும். 4 நிமிடப் பாடு அங்கேயே வீண். மரப்பலகையிலோ, கம்பி வலையிலோ, அதுவும் இல்லை என்றால் ஒரு கரண்டியின் மேல் சாய்த்தோ வையுங்கள்.

கல் சரியான சூட்டில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டு விழுந்த இடத்திலேயே பரவி, மெல்லச் சீறி, 3, 4 விநாடியில் வற்றினால் அதுதான் பதம். முத்து முத்தாக உருண்டு கல் முழுக்க ஓடினால் சூடு 200 டிகிரி பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். சொட்டுக்கு அடியில் நீராவிப் படலம் உண்டாகி அதைத் தூக்கிப் பிடிப்பதால்தான் அப்படி உருள்கிறது. அந்தச் சூட்டில் ரொட்டி வைத்தால் மேல்பக்கம் சில்லென்று இருக்கும்போதே அடி கருகிவிடும். அடுப்பை அணைத்து 2 நிமிடம் பொறுத்து, மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள்.

தெளிக்கிற தண்ணீர் குடிதண்ணீராக இருக்கட்டும். கடலோரத்து உப்புத்தண்ணீர் என்றால் கல்லில் வெள்ளை வெள்ளையாய்த் திட்டு நிற்கும், அந்த உப்பால் கல்லில் துருவும் ஏறும்.

எந்த மூடி போட வேண்டும்? தட்டால் மூடினால் போதாதா?

தட்டு வேண்டாம். தட்டையான மூடியின் அடியில் ஆவி வேர்த்து, சொட்டுச் சொட்டாக நேரே சீஸின் மேல் விழும். குழிவான மூடியில் அந்த வேர்வை வளைவு வழியே வழிந்து ஓரத்துக்குப் போய்விடும். சின்னக் குண்டானையோ இட்லிச் சட்டி மூடியையோ கவிழ்க்கலாம். சீஸுக்கும் மூடிக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருந்தால் சரி.

மீன் வறுக்கிற கல்லில் வைக்கலாமா?

தவிர்ப்பது நல்லது. இந்தப் பகுதி வீடுகளில் பலரும் ஒரே கல்லில் காலையில் தோசையும் மதியம் மீனும் போடுகிறார்கள். மீன் மசாலாவும் எண்ணெயும் இரும்பில் ஊறியிருக்கும். சூடு ஏறியதும் அந்த வாசனை கிளம்பும், சீஸின் கொழுப்பு அதை உடனே பிடித்துக்கொள்ளும். வேறு கல் இல்லை என்றால், கல்லில் இரண்டு கைப்பிடி கல்லுப்பைப் போட்டு நடுத்தரத் தீயில் 3 நிமிடம் வறுத்து, கனத்த துணியால் உப்போடு சேர்த்துத் தேய்த்துக் கொட்டிவிடுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். முழுக்கப் போகாது, ஆனால் முக்கால்வாசி போய்விடும்.

நான்ஸ்டிக் தவா, இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால்?

நான்ஸ்டிக் தாராளமாக ஆகும். ஒட்டாது, ஆனால் மொறுமொறுப்பு இரும்புக்கல் அளவுக்கு வராது, ஏனென்றால் அந்தத் தகடு மெல்லியது, சூட்டைப் பிடித்து வைக்காது. வெறும் தவாவைப் பெருந்தீயில் காயவிடாதீர்கள். பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும்.

இண்டக்‌ஷனில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே இருக்கும் சுருள் கல்லைவிடச் சிறியது. நடுவில் கருகும், ஓரம் ஆறியே இருக்கும். 400 அல்லது 600 வாட்டில் 4 நிமிடம் கல்லைக் காயவிட்டு, துண்டை நடுவில் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை கால் சுற்று திருப்பிக்கொண்டே இருங்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்த பீட்சா ஏன் இப்படி விறைத்துப்போகிறது?

ஈரம் காய்ந்ததால் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம்தான். பெரிய காரணம் மாவில் உள்ள ஸ்டார்ச். சுடும்போது அது தண்ணீரை உறிஞ்சி இளகுகிறது. ஆறியதும் அதன் இழைகள் மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி இறுகுகின்றன. நேற்றைய இட்லியும் ஆறிய சோறும் விறைப்பது இதே காரணத்தால்தான். இந்த இறுக்கம் ஃப்ரிட்ஜ் குளிரில் வேகமாக நடக்கும், ஃப்ரீசரில் ஏறக்குறைய நின்றுவிடும்.

துண்டின் உள்பக்கம் 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகிய ஸ்டார்ச் மறுபடி இளகுகிறது. சூடாக்கினால் மெதுமெதுவென்று ஆவது அதனால்தான். ஆனால் இது கொஞ்ச நேரம்தான் நிற்கும். இரண்டாவது தடவை ஆறும்போது முன்னைவிட விறைக்கும். அதனால் சாப்பிட ஆள் உட்கார்ந்த பிறகே சூடாக்குங்கள். எல்லாவற்றையும் சூடாக்கி அடுக்கி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவதில் பயன் இல்லை.

மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர் மாதிரி இழுக்கிறதே, ஏன்?

மைக்ரோவேவ் முக்கியமாகத் தண்ணீரைத்தான் சூடாக்குகிறது. ரொட்டிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வருகிறது. சுற்றியுள்ள காற்றும் தட்டும் குளிராகவே இருப்பதால் அந்த ஆவி அடியில் படிந்து ரொட்டியை நமுத்துப்போக வைக்கிறது. அதே நேரத்தில் சில இடங்கள் அளவுக்கு மீறிச் சூடாகி ஈரத்தை முழுக்க இழக்கின்றன. ஆறும்போது அந்த இடங்கள்தான் ரப்பராகின்றன. ஆக ஒரே துண்டில் அடி சவசவ, ஓரம் சவ்வு. சீஸும் கொதித்துப் பிரிந்து மஞ்சள் எண்ணெயாக மிதக்கும்.

மைக்ரோவேவ்தான் உண்டு என்றால் பவரை 50 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஒரு துண்டுக்கு 40 விநாடி. பக்கத்தில் அரை டம்ளர் தண்ணீர் வையுங்கள், சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்வதால் பீட்சா நிதானமாகச் சூடாகும். துண்டுக்கு அடியில் டிஷ்யூ காகிதம் போட்டால் வேர்வையை அது இழுக்கும். டம்ளர் கண்ணாடியோ பீங்கானோ ஆக இருக்க வேண்டும், எவர்சில்வர் கூடாது.

இதைவிட நல்லது இரண்டும் கலந்த வழி. கல்லை அடுப்பில் காயவைத்துவிட்டு, துண்டை மைக்ரோவேவில் முழுப் பவரில் 25 விநாடி மட்டும் வையுங்கள். சில்லிப்பு விட்டதும் எடுத்துக் கல்லில் ஒரு நிமிடம், மூடாமல். தடிமனான பான் பீட்சாவுக்கு இது மிகப் பொருத்தம். நடுப்பகுதி குளிராக இருக்கும் பிரச்சினையே வராது.

ஓடிஜியில் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்?

தட்டை உள்ளே வைத்தே 180 டிகிரிக்கு 10 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். சூடான தட்டில் துண்டுகளை வையுங்கள். மெல்லியது 5 நிமிடம், தடிமனானது 8 நிமிடம். மேல் கம்பியை அணைத்து, கீழ்க் கம்பியை மட்டும் போடுங்கள். மேல் கம்பி எரிந்தால் ஏற்கெனவே ஒருமுறை வெந்த சீஸ் தோலாகக் காய்ந்துவிடும்.

நேரம் இருக்கிறவர்களுக்கு வேறு முறை உண்டு, எங்களுக்கு இதுவே பிடித்தது. முன்சூடு வேண்டாம். குளிர்ந்த ஓடிஜியில், தட்டில் துண்டுகளை அடுக்கி, அலுமினியத் தாளால் தட்டை இறுக மூடி, அடித்தட்டில் வைத்து 135 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். சூடு மெல்ல ஏற ஏற ரொட்டியின் ஈரம் உள்ளேயே நின்று, நடு இளகி, அடி மொறுமொறுப்பாகும். 1500 வாட் ஓடிஜி அரை மணி நேரம் தொடர்ந்து எரிந்தாலே முக்கால் யூனிட்தான், இடையிடையே அணைந்து எரிவதால் அதற்கும் குறைவாகவே ஆகும். ஒரு துண்டுக்காக இதைச் செய்ய வேண்டாம், நாலைந்துக்குச் செய்யலாம்.

ஏர் ஃப்ரையர்?

160 டிகிரி, 3 முதல் 4 நிமிடம். ஒரு சமயம் இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்று படக்கூடாது. மின்விசிறியின் வேகத்தில் வெங்காயமும் குடைமிளகாயும் பறந்து மேல் கம்பியில் ஒட்டிக் கருகும். வைக்கும் முன் மேலே இருப்பதை விரலால் சீஸுக்குள் மெல்ல அமுக்கிவிடுங்கள். அடி நன்றாக வரும், ஆனால் மெல்லிய ரொட்டி 5 நிமிடத்தில் அப்பளமாகிவிடும். கண் வைத்துக்கொண்டே இருங்கள்.

ஓடிஜி இல்லை, ஆறு துண்டு சூடாக்க வேண்டும். என்ன செய்வது?

கனமான அகன்ற இரும்புச் சட்டியின் அடியில் ஒரு டம்ளர் கல்லுப்பைப் பரப்புங்கள். அதன் மேல் பிரிமணை மாதிரி ஒரு கம்பி வளையம், மூடி போட்டு நடுத்தரத் தீயில் 10 நிமிடம். உள்ளே அவன் மாதிரிச் சூடு சேர்ந்துவிடும். துளையிட்ட தட்டில் இரண்டு மூன்று துண்டை வைத்து உள்ளே இறக்கி, மூடி, சிறுதீயில் 6, 7 நிமிடம். இரண்டு ஈடாகப் போட்டால் ஆறு துண்டு முடிந்துவிடும். உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டுவையுங்கள், இதே வேலைக்குத் திரும்பத் திரும்ப ஆகும்.

இதைப் பிரஷர் குக்கரில் செய்கிறார்கள். தண்ணீரில்லாமல் சூடேறுவதற்காகச் செய்த பாத்திரம் அல்ல அது. ரப்பர் வளையமும் வால்வும் கெடும், அடியும் வளையும். வேண்டாம்.

இட்லிச் சட்டியில் ஆவி காட்டலாமா?

மொறுமொறுப்பு வேண்டுமென்றால் கூடாது, இரண்டே நிமிடத்தில் அடி குழைந்துவிடும். ஆனால் பல் இல்லாத பெரியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்க இதுதான் நல்ல வழி. ஓரத்து ரொட்டியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை விரல் அகலத்துக்கு நறுக்கி, இட்லித்தட்டில் துணி போட்டு 2 நிமிடம். மூடிக்கு உள்பக்கம் ஒரு துணி கட்டினால் சொட்டு விழாது. பஞ்சு மாதிரி இருக்கும்.

பாப்-அப் டோஸ்டரில் நிறுத்தி வைக்கலாமா?

கூடாது. சீஸ் உருகிக் கம்பியில் விழுந்து தீப்பிடிக்கும். சாண்ட்விச் டோஸ்டரில் இரண்டு துண்டை முகத்தோடு முகம் சேர்த்து அமுக்கி 3 நிமிடம் வைக்கலாம். பீட்சாவாக இருக்காது, நல்ல சாண்ட்விச்சாக இருக்கும்.

ராத்திரி முழுக்க மேசையில் இருந்த பீட்சா. நன்றாகச் சூடாக்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது. குப்பையில் போடுங்கள், ஆடு மாட்டுக்கும் வைக்காதீர்கள். சமைத்த உணவு வெளியே இருக்கக்கூடிய நேரம் 2 மணி. வெக்கை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணிதான். கத்திரி வெயில் காலத்தில் இந்தக் கடற்கரையில் ராத்திரிகூடப் புழுக்கம் அடங்குவதில்லை. கிருமிகள் பெருகும் சூடு 5 முதல் 60 டிகிரி வரை. நம் வீட்டுக் கூடத்து வெக்கை அதில் நட்டநடுவில் இருக்கிறது.

சூடு கிருமியைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் சில கிருமிகள் அதற்குள் விட்டுச்சென்ற நஞ்சைச் சூடு அழிக்காது. கையிலிருந்து உணவுக்குப் போகும் ஸ்டெஃபிலோகாக்கஸ் அப்படிப்பட்டது. அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் நிற்கும். சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைப்பது அதுதான். மணமும் ருசியும் மாறாமலே இருக்கும், அதனால் மோந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. நேரத்தைக் கணக்கிடுவது ஒன்றுதான் வழி. கடையில் பீட்சாவை அடுப்பிலிருந்து எடுத்த நேரத்திலிருந்து எண்ணுங்கள், வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல.

ஃப்ரிட்ஜில் எப்படி வைப்பது? அட்டைப்பெட்டியோடு தள்ளிவிடலாமா?

அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சும், காற்றை உள்ளே விடும், நாத்தத்தையும் உள்ளே விடும். கடலோர வீட்டு ஃப்ரிட்ஜில் மீன் இருக்கும், கருவாட்டுப் பொட்டலமும் இருக்கும். இரவு வைத்த சீஸ் காலையில் நெத்திலி மணக்கும். 20 நிமிடம் ஆறவிட்டு, இறுக மூடும் டப்பாவில் தட்டையாக அடுக்குங்கள். துண்டுக்குத் துண்டு நடுவே பட்டர் பேப்பர் போடுங்கள். செய்தித்தாள் கூடாது, அச்சு மை எண்ணெயில் இளகி உணவில் ஏறும். செய்தித்தாளில் உணவு பொதிவதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளே தடுக்கின்றன.

டப்பாவை மேல்தட்டில் வையுங்கள். பச்சை மீனும் இறாலும் எப்போதும் கீழ்த்தட்டில். மீன் தண்ணீர் ஒரு சொட்டு மேலிருந்து விழுந்தாலும் அந்தப் பீட்சா வீண். இப்படி வைத்தால் 3 நாள் வரும். நாலாவது நாளை நம்பாதீர்கள்.

கரண்ட் போய்விட்டால்?

கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் குளிரைப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகைப் புயல் மழையில் அதற்கு மேல் போனால் பீட்சாவையும் கணக்கில் சேர்த்துக் கழித்துவிடுங்கள். நிரம்பிய ஃப்ரீசர், கதவு மூடியே இருந்தால், 48 மணி நேரம் வரை தாங்கும்.

இறால், கணவாய், சூரை போட்ட பீட்சாவை எப்படிச் சூடாக்குவது?

இறாலும் கணவாயும் மேலே இருந்தால் முதலில் அவற்றை எடுத்துத் தனியே வையுங்கள். மேலே சொன்னபடி துண்டைக் கல்லில் சூடாக்கி, மூடி போடும் நேரத்தில் அவற்றைத் திரும்ப மேலே வைத்து மூடுங்கள். ஒன்றரை நிமிடம் ஆவியிலேயே சூடாகட்டும், ஆவி பறக்கிறதா என்று பார்த்து எடுங்கள். கணவாய் ஒன்று சட்டென்று வேக வேண்டும், இல்லை நெடுநேரம் வேக வேண்டும். நடுவே மாட்டிக்கொண்டால் செருப்புத் தோல்தான், இது இந்தப் பக்கத்துச் சமையலறைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இறாலும் நேரடிச் சூட்டில் சுருண்டு நாராகும்.

சூரைக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. சூரை, அயிலை மாதிரி மீன்கள் வெக்கையில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்புத் தடிப்பாக எழும். சூரை போட்ட துண்டு ஒரு மணிக்கு மேல் வெளியே இருந்தால் வைக்க வேண்டாம். சாப்பிடும்போது நாக்கில் மிளகு மாதிரி சுருக்கென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

சிக்கன், பன்னீர், மயோனைஸ்?

சிக்கன் துண்டுகள் உள்ளே 75 டிகிரி வரை சூடாக வேண்டும். வீட்டில் வெப்பமானி இராது, ஆகவே பெரிய துண்டுகளை இரண்டாகக் கிள்ளிவிட்டுச் சூடாக்குங்கள். நடுவில் தொட்டால் விரல் பொறுக்காத சூடு இருக்க வேண்டும். பன்னீர் உருகாது, காயத்தான் செய்யும். மூடும்போது அதன் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தடவுங்கள்.

மயோனைஸ் ஊற்றிய துண்டை மிச்சம் வைக்காதீர்கள். சூட்டில் அது எண்ணெயும் தண்ணீருமாகப் பிரியும், அது சின்ன விஷயம். பச்சை முட்டையில் செய்ததாக இருந்தால் சால்மோனெல்லா என்ற கிருமியின் ஆபத்து உண்டு. 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸைத் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது இதற்காகத்தான்.

நோன்பு நாளில் இரவு வாங்கிய பீட்சாவைச் சஹருக்கு (விடியுமுன் சாப்பாட்டுக்கு) சூடு பண்ணலாமா?

பண்ணலாம். தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து வந்து பத்து மணிக்குச் சாப்பிட்டால், மிச்சத்தைப் பேசிக்கொண்டிருக்காமல் பத்தரைக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சஹர் நேரத்தில் கல்லில் 4 நிமிடம். ஆனால் சீஸிலும் சாஸிலும் உப்பு நிறைய இருக்கிறது, பகல் முழுக்கத் தாகம் எடுக்கும். ஒரு துண்டோடு நிறுத்தி, கூட வெள்ளரிக்காயோ தயிரோ சேர்த்துக்கொள்வது நல்லது.

ஃப்ரீசரில் வைத்தால் எத்தனை நாள் வரும்?

ஒன்றிரண்டு மாதம். ஒவ்வொரு துண்டையும் பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி, எல்லாவற்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதிவையுங்கள். இரண்டு நாளுக்குள் சாப்பிட மாட்டோம் என்று தெரிந்தால் ஃப்ரிட்ஜைவிட ஃப்ரீசர்தான் மேல். ரொட்டி விறைப்பது அங்கே நின்றுவிடுகிறது என்று முன்பே சொன்னோம். எடுத்ததும் பனி உருகக் காத்திருக்க வேண்டாம், வெளியே வைத்தால் அடி ஊறிவிடும். நேரே கல்லில், மிகச் சிறுதீயில், முதலில் மூடி போட்டு 6 நிமிடம், பிறகு திறந்து 3 நிமிடம். இதற்குத் தண்ணீர் தெளிக்க வேண்டாம், பனியே போதும்.

டவுனிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த பீட்சா ஆறி, நமுத்துப்போயிருக்கிறது. அதையும் இப்படித்தான் செய்ய வேண்டுமா?

இது வேறு நிலை. ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரத்துக்கு 55 கிலோமீட்டர் பக்கம். அவ்வளவு நேரமும் பெட்டிக்குள் ஆவி சுற்றிச் சுற்றி வந்து அடியை நனைத்திருக்கும். ஸ்டார்ச் இன்னும் இறுகவில்லை, ஈரம் மட்டும்தான் கூடுதல். அதனால் தண்ணீரும் வேண்டாம், மூடியும் வேண்டாம். நடுத்தரத் தீயில் காய்ந்த கல்லில் 2 நிமிடம், அவ்வளவுதான். சீஸ் ரொம்ப ஆறியிருந்தால் கடைசி அரை நிமிடம் மட்டும் மூடுங்கள்.

வழியிலேயே கொஞ்சம் காப்பாற்றலாம். பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். மூடியின் ஓரத்தை ஒரு விரல் திறந்து வைத்து, மடியில் தட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சாய்த்துப் பிடித்தால் சீஸ் மொத்தமும் ஒரு பக்கம் வழுக்கிவிடும்.

மேலே தூவும் பொட்டலங்களை எப்போது போடுவது?

சூடாக்கிய பிறகு. ஆரிகானோ காய்ந்த கல்லில் பட்டால் கசக்கும், மிளகாய்த் தூள் பட்டால் வீடே இருமும். பிரித்த பொட்டலம் கடல்காற்றில் ஒரே நாளில் கட்டி தட்டிவிடும், சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் நாலு அரிசியோடு போட்டுவையுங்கள்.

ஒருமுறை சூடாக்கி மிஞ்சியதை மறுபடி வைக்கலாமா?

வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அது கிருமி வளரும் சூட்டை இரண்டு முறை கடக்கிறது, ரொட்டியும் சுக்காகிவிடும். வேண்டிய துண்டை மட்டும் எடுங்கள். தின்னாமல் விட்ட ஓரத்து ரொட்டி, கை படாததாக இருந்தால், விரல் அகலத்துக்கு நறுக்கிக் கல்லில் சிறுதீயில் 8 நிமிடம் வறுத்து உடனே தக்காளி சூப்பில் போட்டுச் சாப்பிடலாம்.

பீட்சா சூடாக்கிய கல்லில் மறுநாள் தோசை ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்ய?

ஒழுகிய சீஸும் தக்காளிச் சாஸும் கருகி, கல்லில் பழகியிருந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் தனித் தோலாக ஒட்டியிருக்கும். தோசை ஒட்டுவது அதில்தான். சோப்புப் போட்டுக் கம்பி நாரால் தேய்த்தால் அந்தப் பழைய படலமும் சேர்ந்து போய்விடும். கல் இளஞ்சூடாக இருக்கும்போதே தோசைத் திருப்பியைச் சாய்த்துப் பிடித்துக் கருகலைச் சுரண்டுங்கள். பிறகு ஒரு கைப்பிடி கல்லுப்பும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் விட்டு, பாதியாக வெட்டிய வெங்காயத்தால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். உப்பு பழுப்பாக மாறும். துடைத்துவிட்டு, தண்ணீரில் ஒருமுறை அலசி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவையுங்கள். சூடு ஆறுவதற்குள் மெல்லிசாக எண்ணெய் பூசி, சன்னலோரம் இல்லாத இடத்தில் வையுங்கள். இந்த ஊர்க் காற்றில் எண்ணெய் பூசாத கல் விடிவதற்குள் செம்பட்டை பூத்துவிடும். முதல் தோசையை மட்டும் கொஞ்சம் எண்ணெய் கூட்டி ஊற்றுங்கள், இரண்டாவதிலிருந்து தானாகக் கிளம்பும்.